வயலுக்கு வெயில் குறைவில்லை

வாங்க மக்காள், கிட்ட வந்து இருங்க. அந்தக் காற்றாடியை இந்தப் பக்கம் திருப்பிவிடுங்க, புழுக்கமாக இருக்கிறது. கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தால் அதற்கும் ஓய்வு, எனக்கும் சந்தோசம். இன்றைக்குச் சொல்லப்போவது, தண்ணீர் கேட்கப் போன ஒரு மனிதரின் கதை. அவர் கேட்டது ஒரே ஒரு சொல். கிடைத்தது முதற் பரிசு. சிரிப்பு வந்தால் சிரியுங்க, நான் கோபிக்கமாட்டேன்.

முத்தலிப் என்று பெயர். கல்முனைக்கு மேற்கே, பெரிய வாய்க்காலின் கடைசிக் கிளையில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். வயல் அவருடையதல்ல, பெண்சாதி நாச்சியாவுக்குச் சீதனமாக வந்தது. வீடும் அவளுடையதுதான், நம்முடைய ஊர்களில் எல்லா வீட்டையும்போல. ஆகையால் அந்த வயலில் ஒரு குறை வந்தால் முத்தலிப் பதில் சொல்லவேண்டிய இடம் அடுப்படி.

அந்தச் சிறுபோகத்தில், மழையில்லாத போகத்தில், பயிர் குடலையில் நின்றது. கதிர் இன்னும் வயிற்றுக்குள் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் நெல் வராது, சப்பிதான் வரும். மேலே உமி, உள்ளே காற்று. தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். முத்தலிப்பின் கிளைக்கு முறை வந்த அன்று மேலே வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் முழுவதும் பற்றைக்காட்டுக்குள் ஓடிவிட்டது. கரையைக் கட்டி முடித்தபோது முறையும் முடிந்திருந்தது. பதிவில், தண்ணீர் கொடுத்தாயிற்று.

இப்படியான நேரத்தில் வட்டவிதானை போய்ப் பேசுவார். வயல்காரருக்காகத் தண்ணீர் கேட்பதற்கென்றே தெரிவு செய்யப்பட்டவர் அவர். ஆனால் அந்த வருடம் வட்டவிதானை ஹஜ்ஜுக்குப் போயிருந்தார்.

"நீங்களே போய்க் கதைங்களன் மச்சான்," என்றாள் நாச்சியா. "கதவத் தெறக்கச் சொல்லி ஒரு வார்த்த. அதுக்கு மக்கத்துக்குப் போனவர் வந்தாத்தானா?"

முத்தலிப் முதலில் வாய்க்கால் கதவுக்குப் பொறுப்பான அமிர்தலிங்கத்திடம் போனார். அமிர்தலிங்கம் ஆலையடிவேம்பு ஆள், நல்ல மனிதர், கதவின் திறப்பை, அதுதான் சாவியை, அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிகிறவர்.

"திறக்கிறது பெரிய வேலை இல்ல காக்கா," என்றார் அமிர்தலிங்கம். "முறை முடிஞ்ச கதவு. பணிப்பாளர் ஐயா வாயால ஒரு சொல்லு சொன்னா இப்பவே திறந்துருவன்."

"அப்ப அவரிட்டயே கேக்கிறன்."

"கேளுங்க," என்றார் அமிர்தலிங்கம். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டார்.

அவர் விழுங்கியது என்னவென்று தண்ணீர்க் காரியாலயத்து வாசலிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் புதிதாக ஒரு பெரிய பலகை. 'எழுதிப் பேசுவோம் - அன்றாடத் தொடர்பாடல் மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம்.' அதன் கீழே, வாயில் விரல் வைத்துக்கொண்டு மற்றக் கையால் கொப்பியில் எழுதுகிற ஒரு மனிதனின் படம். முகம் மலர்ந்திருந்தது.

உள்ளே வழமையாகச் சந்தைபோல இரைச்சலாக இருக்கும். அன்றைக்குப் பரீட்சை மண்டபம்போல இருந்தது. வருகிறவர்களைக் கவனிக்கும் கருமபீடத்தில் ஸலாஹுதீன் இருந்தான். சுபஹுத் தொழுகையில் முத்தலிப்புக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நிற்கிற பொடியன். முத்தலிப் ஸலாம் சொன்னார். அவனும் வாயாலேயே பதில் சொன்னான். ஸலாத்துக்கும் வணக்கத்துக்கும் வாயால் பதில் சொல்லலாம் என்று திருத்தச் சுற்றறிக்கை வந்திருந்தது.

"தம்பி, எங்கட கிளைக்குத் தண்ணி..."

ஸலாஹுதீன் கையை உயர்த்தித் தடுத்தான். "காக்கா, திட்டத்தப் பத்தி நான் கதைக்கலாம். வேலயப் பத்தித்தான் கதைக்க ஏலா."

திட்டம் இதுதான். மக்களும் உத்தியோகத்தர்களும் யோசிக்காமல் வாய்க்கு வந்ததைக் கதைக்கிறார்கள். அதனால்தான் சண்டை வருகிறது என்று மேலிடம் கண்டுபிடித்திருந்தது. ஆகையால் இனி ஒவ்வொருவரும் ஒரு நாட்குறிப்புக் கொப்பி வைத்திருக்க வேண்டும். கதைக்குமுன் என்ன கதைக்கப்போகிறோம் என்று எழுத வேண்டும். அதை நினைக்கும்போது மனத்தில் என்ன உணர்வு எழுகிறது, எதிரே இருப்பவருக்கு என்ன உணர்வு எழும் என்றும் எழுத வேண்டும். எழுதியதை உத்தியோகத்தர் வாசித்து, தன்னுடைய கொப்பியில் தன்னுடைய உணர்வை எழுதுவார். இரண்டு கொப்பியும் பணிப்பாளரிடம் போகும். அவர் இரண்டையும் வாசித்துத் தன் உணர்வை எழுதுவார். அதன்பிறகு கதைக்கலாம்.

"எப்ப?"

"மனசு தெளிஞ்ச பொறகு."

"யார்ட மனசு?"

ஸலாஹுதீன் கொஞ்சம் யோசித்து, அந்தக் கேள்வியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

முத்தலிப்புக்கும் ஒரு கொப்பி கிடைத்தது. அட்டையில் பூவும் வண்ணத்துப்பூச்சியும். அவர் அங்கேயே ஒரு கதிரையில் இருந்து எழுதினார்: 'தண்ணி வேணும்.'

இரண்டு நாள் கழித்துக் கொப்பி திரும்பி வந்தபோது பக்கத்தில் பச்சை மையால் குறிப்பு இருந்தது. 'இது தேவை, உணர்வு அல்ல. உள்ளே செல்லுங்கள்.'

உள்ளே செல்லுங்கள் என்றால் பணிப்பாளரின் அறைக்குள் என்று நினைத்து முத்தலிப் எழுந்து போனார். கதவில் 'எழுதுகிறார்' என்று ஓர் அட்டை தொங்கியது. பணிப்பாளர் புண்ணியமூர்த்தி, தான் பதவியேற்ற நாளில் இருந்து தன் மனத்தில் ஏற்பட்ட மாற்றங்களை எழுதிக்கொண்டிருப்பதாக ஸலாஹுதீன் சொன்னான். உள்ளே செல்வது என்றால் மனத்துக்குள் என்றும் விளக்கினான்.

அன்று பின்னேரம் முத்தலிப் நாச்சியாவிடம் கேட்டார். "வயல நினைச்சா உனக்கு என்ன உணர்வு புள்ள?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "வகுறு எரியிது. ஏன், உங்களுக்கு எரியல்லயா?"

அவர் அதை அப்படியே எழுதிக் கொடுத்தார். பச்சை மை சொன்னது: 'அருமையான முன்னேற்றம். ஆனால் எரிதல் எதிர்மறைச் சொல். கேட்பவரைக் காயப்படுத்தும். அதே விடயத்தை நேர்மறையாக எழுதுக.'

இதற்கிடையில் வயலில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. இலை நுனிகள் மஞ்சளாகி, மத்தியானத்தில் சுருண்டன. முத்தலிப் பள்ளிவாசலில், செருப்பு மாட்டுகிற இடத்தில் ஸலாஹுதீனைப் பிடித்தார்.

"தம்பி, பயிர் சாகப் போகுது. பணிப்பாளரிட்ட ஒருக்காச் சொல்லன்."

"காக்கா, இது பள்ளி. இஞ்ச வெச்சிக் காரியாலயக் கத கதைக்கிறது சரியில்ல. காரியாலயத்துக்கு வாங்க."

"அங்க நீ கதைக்கிறல்லயே."

"அதான காக்கா திட்டம்," என்றான் அவன், மிகுந்த அன்போடு.

பிறகு பயிற்சிப்பட்டறை நடந்தது. வராதவர்களின் கொப்பி ஏற்கப்படாது என்றதால் முத்தலிப்பும் போனார். பயிற்சி நடத்த வளவாளர் ஹாதிக் வந்திருந்தார். மருதமுனைக்காரர், கொழும்பில் படித்தவர், கழுத்துப்பட்டி அணிந்தவர். எல்லோரையும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே இருத்தினார். ஒருவர் கதைக்க வேண்டும். மற்றவர் கண்ணைப் பார்த்து, 'உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது' என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

முத்தலிப்புக்கு எதிரே வந்து அமர்ந்தவர் அமிர்தலிங்கம். திறப்பு அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அமிர்தலிங்கம் அண்ண, இலையெல்லாம் சுருண்டு போச்சி. கதவத் தெறங்க."

அமிர்தலிங்கம் கண்ணைப் பார்த்தார். "உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது."

"குடலையில நிக்கிற பயிர். நீங்களும் வயல் செய்த ஆள்தான?"

"உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது," என்றார் அமிர்தலிங்கம். அவருடைய கண் கலங்கியிருந்தது.

ஹாதிக் அதைக் கண்டு எல்லோரையும் அழைத்துக் காட்டினார். "பார்த்தீர்களா? இதுதான் உண்மையான செவிமடுத்தல்! இவர் இப்போது எதையும் செய்யவேண்டிய அவசியமே இல்லை!"

வீட்டுக்குப் போய் முத்தலிப் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நேர்மறையாக எழுதினால்தான் அடுத்த படிக்குப் போகலாம். பொய் எழுதவும் மனம் வரவில்லை. வயலில் கண்டதையே, ஆனால் யாருக்கும் நோகாமல், எழுதினார்:

'என் வயலுக்கு வெயில் குறைவில்லை. மண் முன்பைவிட உறுதியாக இருக்கிறது; இப்போது வரம்பில் மட்டுமல்ல, வயலுக்குள்ளும் செருப்போடு நடக்கலாம். காற்று வீசும்போது பயிர் சருகைப்போல் மெல்லிய ஓசை எழுப்புகிறது. கொக்குகள் இப்போது வருவதில்லை. மிகவும் அமைதியாக இருக்கிறது.'

நாச்சியா வாங்கி வாசித்தாள். "படிச்சா எனக்கே இந்த வயல வாங்கணும்போல கிடக்கு," என்றாள். "இதுக்கு அவனுகள் தண்ணி தருவானுகளா, இல்லாட்டி வெயிலயும் நிப்பாட்டுவானுகளா?"

இந்தத் தடவை கொப்பி திரும்பி வரவில்லை. ஸலாஹுதீனே வீடு தேடி வந்தான். பணிப்பாளர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். பிறகு 'கண்கள் பனித்தன' என்று பச்சை மையில் எழுதினாராம். திட்டத்தில் சிறந்த கொப்பிக்கென்று வைத்திருந்த முதற் பரிசு முத்தலிப்புக்குத்தான். பதிவேட்டில் அவருடைய கிளைக்கு நேரே 'விவசாயி திருப்தி' என்றும் குறித்தாயிற்று.

"தண்ணி?" என்றார் முத்தலிப்.

"பரிசு விழா ஞாயிற்றுக்கிழம காக்கா. வெள்ளச் சேட்டுப் போட்டுட்டு வாங்க. ராத்தாவையும் கூட்டிட்டு வாங்க, சாப்பாடும் இரிக்கி."

அவன் போனபின் நாச்சியா கேட்டாள், "பரிச வெச்சிச் சோறாக்க ஏலுமா மச்சான்?" ஆனாலும் முத்தலிப் போவதென்றே முடிவெடுத்தார். அந்த விழாவில்தான் பணிப்பாளர் வாய் திறந்து கதைப்பார் என்று கேள்வி. இன்னும் இரண்டொரு நாள் தாமதித்தால் தண்ணீர் வந்தும் பயனில்லை.

காரியாலயத்து வளவில் கொட்டகை போட்டிருந்தார்கள். கிராஅத் ஓதினார்கள், தேவாரம் பாடினார்கள். வரவேற்புரையை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாசித்தும் காட்டினார்கள். பின்னர் பணிப்பாளர் புண்ணியமூர்த்தி எழுந்தார்.

"நான் இந்தப் பதவிக்கு வந்தபோது," என்றார் அவர், "காலையில் இருந்து மாலைவரை மக்கள் என்னைத் தேடி வந்து கதைத்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் வரவில்லை என்பார்கள், கரை உடைந்துவிட்டது என்பார்கள். எனக்குத் தேநீர் குடிக்க நேரமில்லை. இந்தத் திட்டம் வந்தபின் என் கதவைத் தட்டுவோர் ஒருவரும் இல்லை. தொலைபேசி மணி அடிப்பதே இல்லை. தொடர்பாடல் இவ்வளவு மேம்படும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை."

பலத்த கைதட்டல்.

ஹாதிக் பேசும்போது தன் வீட்டையே உதாரணம் காட்டினார். "நானும் என் மனைவியும் முன்பு தினமும் வாக்குவாதப்படுவோம். இப்போது எழுத்திலேதான் பேசிக்கொள்கிறோம். அவர் ஒலுவிலில் அவருடைய வீட்டில் இருந்து எழுதுகிறார். நான் மருதமுனையில் என் உம்மாவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கிடையில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை."

பெண்கள் பக்கத்தில் நாச்சியா பக்கத்துக்காரியின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மத்தியான ளுஹர் தொழுகைக்குக் கலைந்து எல்லோரும் திரும்பி வந்தபோது கொட்டகைக்குப் பின்னால் சோறு தம் விட்டு மணந்தது. நிகழ்ச்சிநிரலில் ஒன்றுதான் மிச்சம்: முதற் பரிசு பெற்றவரும் பணிப்பாளரும் மேடையில் நிகழ்த்தும் முன்மாதிரி உரையாடல். ஹாதிக் அதற்கு மூன்று விதி சொன்னார். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. உரையாடல் நடக்கும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. பேசியவர் தனக்கு மறுமொழி கிடைத்தது என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் உரையாடல் முடியும்.

"மிகச் சிறிய நிகழ்வுதான்," என்றார் ஹாதிக், சோற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு.

முத்தலிப் மேடையில் ஏறினார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். ஒரு கணம் கொப்பியைப் பார்த்தார். பிறகு அதை மூடினார்.

"ஐயா, எங்கட கிளைக்கு முறை வந்த அண்டைக்குக் கரை உடைஞ்சி தண்ணி வரல்ல. பயிர் குடலையில கிடந்து காயிது. கதவத் தெறக்கச் சொல்லுவீங்களா?"

பணிப்பாளர் அவருடைய கண்ணை ஆழமாகப் பார்த்தார். "உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது."

கைதட்டல். ஹாதிக் சிரித்த முகத்தோடு முத்தலிப்பிடம் குனிந்தார். "மறுமொழி கிடைத்ததா சகோதரரே?"

முத்தலிப் நேர்மையாக யோசித்தார். "இல்ல சேர்," என்றார். "குரல் கேக்குது எண்டுதான் ஐயா சொன்னார். கதவப் பத்தி ஒண்டும் சொல்லல்ல."

இந்த நேரத்தில் சகன்கள் வரத் தொடங்கின. நம்முடைய பந்திச் சாப்பாடு உங்களுக்குத் தெரியும். பாயில் பெரிய தட்டம் வைத்து, சோற்றைக் குவித்து, மேலே கோழியை வைத்து, சுற்றிவர ஆட்கள் இருந்து ஒரே தட்டத்தில் கை வைப்பார்கள். ஒரு சகனுக்குரிய ஆட்கள் எல்லோரும் வந்து இருக்கும்வரை அதில் யாரும் கை வைப்பதில்லை. முதல் சகனில் கை வைக்கும்வரை மற்றச் சகன்களும் காத்திருக்கும். அன்றைக்கு முதல் சகனில், நல்லிணக்கப் படம் எடுப்பதற்காக, பணிப்பாளரும் வளவாளரும் முதற் பரிசுக்காரரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. மூவரும் மேடையில் நின்றார்கள்.

"இது தொடர்பில் கவனம் செலுத்தப்படும்," என்றார் பணிப்பாளர்.

முத்தலிப் காத்திருந்தார். இது முன்னுரை, அடுத்துத்தான் மறுமொழி வரும் என்று நினைத்தார்.

"உரிய தரப்பினருடன் கலந்தாலோசிக்கப்படும்."

முத்தலிப் தலையை ஆட்டினார். இன்னும் காத்திருந்தார்.

"மச்சான்!" என்று பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா இன்னும் ஒண்டும் சொல்லல்ல! அவசரப்பட்டு முடிச்சிராதீங்க!"

"தயவுசெய்து இடைமறிக்க வேண்டாம் தாயே," என்றார் ஹாதிக்.

"நான் எங்க இடமறிக்கிறன்? ஐயாட குரல் எனக்கும் நல்லாக் கேக்குது!"

கொட்டகையில் சிரிப்பு எழுந்து, சோற்று மணத்தோடு கலந்து, மெல்ல அடங்கியது. சமையல்காரர் கரண்டியோடு வந்து தூணில் சாய்ந்து நின்றார். "சோறு ஆறுது," என்றார், யாரையும் குறிப்பாகப் பாராமல். முன்வரிசையில் இருந்த வயசாளி ஒருவர், "ஓம் எண்டாவது இல்ல எண்டாவது சொல்லித் தொலைங்களன் ஐயா, எனக்கு சீனி வருத்தம்," என்றார். பின்வரிசையில் குழந்தைகள் அழத் தொடங்கின. கோழியின் மேல் ஈ ஒன்று வந்து இருந்தது. எல்லாருடைய கண்ணும் அதன் மேல் இருந்தது.

ஹாதிக் முத்தலிப்பின் காதுக்குள், "காக்கா, கிடைச்ச எண்டு சொல்லுங்களன்," என்றார். கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது.

"கிடைக்கல்லயே சேர். கிடைக்காதத எப்படிச் சொல்ற?"

புண்ணியமூர்த்தி சகனைப் பார்த்தார். முத்தலிப்பைப் பார்த்தார். சட்டென்று அவருக்குள் இருந்து, நெடுநாளாக யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வெளியே வந்தது.

"டேய் அமிர்தலிங்கம்! போய் அந்தக் கதவத் திறந்து விடுடா!"

அவர் என்ன உணர்ந்தார் என்று அப்போது ஒருவரும் எழுதவில்லை.

மூன்றாவது சகனில் இருந்த அமிர்தலிங்கம் எழுந்து அரைஞாணைத் தடவிப் பார்த்தபடி ஓடினார். அவருடைய சகனில் இருந்தவர்களின் முகம் வாடியது. அவர் திரும்பி வரும்வரை அவர்களும் கை வைக்க முடியாதே. அந்தச் சகனில்தான் ஸலாஹுதீனும் இருந்தான். அவன் துள்ளி எழுந்து, வாசல்வரை கேட்கும்படி கத்தினான்.

"அண்ண! நடந்தா போறீங்க? என்ட மோட்டச்சைக்கிளக் கொண்டு போங்க! சைக்கிள்ட திறப்பு அதிலதான் இரிக்கி! கெதியாப் போங்க, கெதியா வாங்க!"

முத்தலிப் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார். "மறுமொழி கிடைச்ச," என்றார். இறங்கி வந்து முதல் சகனில் இருந்தார். பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். படம் எடுத்தார்கள். பரிசு ஒரு கொப்பி. முந்தியதைவிடப் பெரியது, பூட்டும் இருந்தது.

பின்னேரம், அஸருக்குள் தண்ணீர் கடைசிக் கிளைக்கு வந்துவிட்டது. முத்தலிப்பும் நாச்சியாவும் வெடித்த மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வரம்பில் நின்றார்கள். பயிர் பிழைத்தது, மக்காள். தெற்கு மூலையில் ஒரு துண்டு மட்டும் பிழைக்கவில்லை, அங்கே அறுவடையில் சப்பிதான் வந்தது. கொப்பி எழுதிய நாட்களுக்கு அது விலை என்று நாச்சியா சொன்னாள். மிச்ச நெல்லை அவித்துக் காயப்போடும்போது அவளே அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

திட்டத்தின் ஆண்டறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் முத்தலிப்பின் படம், கையில் கோழிக்காலோடு. 'நாட்குறிப்பு எழுதியதன் மூலம் தண்ணீர் பெற்றுக்கொண்ட விவசாயி' என்று கீழே போட்டிருந்தார்கள். திட்டத்தை மேலும் பல ஊர்களுக்கு விரிவாக்கினார்கள். கூடவே, நடந்ததில் இருந்து பாடம் படித்து, ஒரு புதிய சுற்றறிக்கையும் வந்தது: 'இனிவரும் விழாக்களில் முன்மாதிரி உரையாடலுக்கு முன்னரே மதிய உணவு பரிமாறப்பட வேண்டும்.'

கதை அவ்வளவுதான், என்ட கண்ணுகளே. நேரமாகிவிட்டது, எழும்புங்க. உங்கட வீட்டு நெல்லுக்குள் அரிசி நிறைந்து கிடக்கட்டும். உங்கட வாசலுக்கு வந்து கேட்கிறவர் அன்றைக்கே ஒரு சொல் வாங்கிக்கொண்டு போகட்டும். நீங்கள் போய்க் கேட்கிற வாசலிலும் அல்லாஹ் அப்படியே ஆக்கி வைக்கட்டும். ஆமீன் சொல்லிக்கொண்டு போங்க.